இருமலுக்கு லீவோஃப்ளாக்சசினா? முதலில் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள்

என் தம்பிக்கு டிபி. அதுவும் டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியாத வகை. அது தெரிவதற்கு முன்னால் ஒரு மருத்துவர் அவனுக்குப் பார்த்த வைத்தியத்தைத்தான் எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டாம், இதே பழக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், எடையும் இறங்கியிருந்தது. இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நெஞ்சுச் சளிதான்" என்று லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதினார். சீட்டில் நோயின் பெயரே இல்லை. காய்ச்சல் விட்டது, அப்புறம் திரும்பி வந்தது. மறுபடி போனால் மறுபடியும் அதே சீட்டு.

லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் தாக்கும். அதனால் குணமானதுபோல் இருக்கும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஆனால் அதை மட்டும் கொடுத்து டிபியை ஒழிக்க முடியாது. ஏராளமான கிருமிகளுக்கு நடுவில் அந்த மருந்துக்குச் சாகாத சில இருக்கும். மற்றவை செத்ததும் அவை பெருகிவிடும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. டிபிக்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதே இதற்காகத்தான்.

கடைசியில் எக்ஸ்ரே எடுத்து, "டிபிதான்" என்று வழக்கமான நான்கு மருந்துகளையும் ஆரம்பித்தார். "சார், சளி டெஸ்ட் வேண்டாமா?" என்று கேட்டேன். "எக்ஸ்ரேயிலேயே தெரியுதேம்மா" என்றார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதே என்று தம்பி பயந்தபோது, மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம் என்றார். அது அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம். மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை.

இருமல் அடங்கவில்லை. அப்போது அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நான்கோடு லீவோஃப்ளாக்சசினைக் கூடச் சேர்த்தார். பலன் தராத டிபி சிகிச்சையில் ஒற்றை மருந்தைக் கூட்டக் கூடாது என்பது அந்த வைத்தியத்தின் பாலபாடம். மற்றவை கேட்காமல் போயிருந்தால், புது மருந்து தனியாக நின்று போராட வேண்டும். கிருமி அதையும் பழகிக்கொள்ளும்.

பொறுத்தது போதும் என்று டிபி மையத்துக்குப் போனோம். முதலில் சளி வாங்கினார்கள். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை டிபி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதைச் சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். கேட்காது என்று வந்தது. அடுத்த சோதனையில் லீவோஃப்ளாக்சசினும் கேட்காது என்று தெரிந்தது.

ரிஃபாம்பிசின் கேட்காத டிபிக்கு உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்த 6 மாத சிகிச்சையில் பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்துகள். மாக்சிஃப்ளாக்சசின் லீவோவின் குடும்பம். ஆகவே தம்பிக்கு அது கிடையாது, மீதி மூன்றுதான். லினசோலிடால் பாதம் மரத்துப்போகலாம், ரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்.

மருந்துக்கு மசியாத கிருமியே முதலில் தொற்றியிருக்கலாம் என்கிறார் இப்போது பார்க்கும் டாக்டர். இருக்கலாம். ஆரம்பத்தில் எடுத்த சளி மாதிரி என்று ஒன்று இருந்தால்தானே எதையும் நிரூபிக்க முடியும்? அது இல்லாதது பழைய மருத்துவருக்கு நல்ல வசதி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சளிப் பரிசோதனை கேளுங்கள். மருத்துவர் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். பழைய சீட்டுகளையும் காலி மாத்திரை அட்டைகளையும் தூக்கிப்போடாதீர்கள். தம்பி எதை எதைச் சாப்பிட்டான் என்று மையத்தில் துருவித் துருவிக் கேட்டபோது அவைதான் கைகொடுத்தன.

அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் நாங்களும் இப்போது பரிசோதனை செய்துகொண்டு வருகிறோம். நாங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மருத்துவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.