டிவியா மானிட்டரா: முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

கேம் ஆடத் திரை வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஹெர்ட்ஸ் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்படம் காட்டும்), 4கே உண்டா, எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) உண்டா என்றுதான் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் அப்புறம். உட்காரும் இடத்திலிருந்து திரை எவ்வளவு தள்ளி இருக்கப்போகிறது? கையில் இருக்கப்போவது மவுஸா, கன்ட்ரோலரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

மேசை முன் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் 60, 70 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அங்கே 55 அங்குல டிவியை வைத்தால் மூலையில் இருக்கும் மினிமேப் என்ற சிறு வரைபடத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும். சுடும் ஆட்டங்களில் மினிமேப், தோட்டா எண்ணிக்கை, உயிர் அளவு மூன்றும் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். 24 முதல் 27 அங்குலத் திரையில் இவை எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். 27 அங்குல 1440பி (2560×1440 பிக்சல்) மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல். 55 அங்குல 4கே டிவியில் சுமார் 80தான். கிட்டத்தில் பார்த்தால் புள்ளி தெரிவது 4கே டிவியில்தான். இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். அங்கிருந்து 27 அங்குல மானிட்டரில் சப்டைட்டிலைக்கூடக் கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டும்.

தாமதம்: டிவியின் பழைய நோய்

பட்டனை அழுத்தியதும் அந்த அசைவு திரையில் தெரிய ஆகும் நேரத்தை இன்புட் லேக் என்கிறோம். டிவி சினிமா காட்டப் பிறந்தது. வரும் படத்தைச் சுத்தப்படுத்தும், கூர்மையாக்கும், இரண்டு பிரேம்களுக்கு (தனித்தனிப் படங்களுக்கு) நடுவே இல்லாத பிரேமைத் தானே உருவாக்கிச் செருகும். இதையெல்லாம் செய்ய அடுத்த பிரேம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். படம் பார்க்கும்போது ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. கேமில் அப்படி மறைக்க முடியாது. 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. டிவி 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் நீங்கள் ஆறு பிரேம் பழைய காட்சியைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

டிவி மெனுவில் உள்ள கேம் மோட் இந்த அலங்கார வேலைகளை நிறுத்துகிறது. இன்றைய நல்ல டிவிகளில் கேம் மோடைப் போட்டால் 60 ஹெர்ட்ஸில் தாமதம் 10 முதல் 15 மில்லி விநாடிக்குள் வந்துவிடும், 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கணினியை டிவியில் இணைத்து மவுஸை வட்டமாகச் சுழற்றுங்கள். கேம் மோட் இல்லாதபோது அம்புக்குறி கையை ரப்பர் பேண்டில் கட்டி இழுத்ததுபோல் பின்னாலேயே வரும். கேம் மோடைப் போட்டதும் கையோடு ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலரில் ஆடும்போது அதே தாமதம் அவ்வளவு உறுத்தாது. மவுஸில் கை நகர்வதும் காட்சி திரும்புவதும் ஒன்றாகவே நடக்க வேண்டியிருப்பதால் சிறு பிசகும் உடனே தெரியும். அதனால்தான் மவுஸ் என்றால் மானிட்டர் என்று தயங்காமல் சொல்வேன். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 4.2 மில்லி விநாடிக்கு ஒரு புதுப் படம் வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை இரண்டு பக்கத்திலும் அப்படியே நம்ப வேண்டாம். டிவிப் பெட்டியில் '240' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல் இருக்கலாம், அந்த எண் செருகப்பட்ட பிரேம்களைச் சேர்த்த விளம்பரக் கணக்கு. மானிட்டர்காரர்களின் '1 மில்லி விநாடி' (ஒரு பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம்) என்பதும் பல நேரம் ஓவர்டிரைவை, அதாவது பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் அமைப்பை, உச்சத்தில் வைத்து எடுத்த அளவு. அந்த அமைப்பில் ஆடினால் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தொடரும்.

வெளிச்சம், கருப்பு

இங்கே டிவி பக்கம்தான் சாய்கிறேன், அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவியோ, பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் நல்ல எல்இடி டிவியோ காட்டும் எச்டிஆர் காட்சியைச் சாதாரண மானிட்டரால் காட்ட முடியாது. டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரை உள்ள மானிட்டர்கள் நிறைய விற்கின்றன. அந்தத் தரவரிசையிலேயே கீழ்ப்படி அது: 400 நிட்ஸ் வெளிச்சம் எட்டினால் போதும், பகுதிவாரி மங்கல் கட்டாயம் இல்லை. குகைக்குள் தீப்பந்தம் எரியும் காட்சியில் தீப்பந்தத்தோடு சேர்ந்து குகையும் சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போகும். அப்படிப்பட்ட மானிட்டரில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஆடுவதே மேல். ஒலியிலும் டிவி முந்தும், ஹெட்செட் போடுபவர்களுக்கு அது பொருட்டில்லை.

கேபிள் விஷயத்தில் கவனம்

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 2020 நவம்பரில் வந்தன. இரண்டுமே 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வரை தரக்கூடியவை. அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். எச்டிஎம்ஐ 2.0இன் விநாடிக்கு 18 கிகாபிட் வேகத்தில், நிறத் தகவலைச் சுருக்காமல் 4கே 60ஐத் தாண்ட முடியாது. நான்கு எச்டிஎம்ஐ துளை உள்ள டிவிகள் பலவற்றில் இரண்டுதான் முழு வேகம் கொண்டவை. சவுண்ட்பாரையும் அந்த இரண்டில் ஒன்றிலேயே இணைக்க வேண்டியிருக்கும். துளை சரியாக இருந்தாலும் மெனுவில் அதற்கான அமைப்பைத் தனியாகப் போட வேண்டியிருக்கும்.

மானிட்டரில் வேறு சிக்கல். '4கே 144' என்பது டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் கிடைக்கலாம், அந்த இணைப்பு எந்தக் கன்சோலிலும் கிடையாது. பிரேம் வேகத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதியும் அப்படித்தான்: ஏஎம்டியின் விஆர்ஆர் முறையான ஃப்ரீசிங்க் மட்டும் உள்ள மானிட்டர் எக்ஸ்பாக்ஸுக்குப் போதும், பிளேஸ்டேஷன் 5க்கு எச்டிஎம்ஐ தரத்தின் விஆர்ஆர் இருந்தாக வேண்டும். கணினியில் ஆடுபவர்கள் கிராபிக்ஸ் கார்டையும் எண்ணிப் பாருங்கள். 4கே என்றால் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல், 1440பியில் 37 லட்சம். டிவிக்கு மாறினால் கார்டுக்கு இரண்டேகால் மடங்கு வேலை.

அதே கணினியில் எழுதுவதும் படிப்பதும் உண்டென்றால் வாங்கும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். கருப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளைத் திறந்து பாருங்கள். ஓரம் மசமசவென்று இருந்தால் டிவி நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டுகிறது. உள்ளீட்டின் பெயரைப் பிசி என்று மாற்றினால் பல டிவிகளில் சரியாகிவிடும், சிலவற்றில் ஆகாது.

நடுவில் ஒரு வழி

42 அங்குல ஓஎல்இடி டிவி. எல்ஜி 2022இல் சி2 வரிசையில் இந்த அளவைக் கொண்டுவந்த பிறகு மேசையிலும் டிவி வைக்கலாம் என்றாகிவிட்டது. அங்குலத்துக்குச் சுமார் 105 பிக்சல், 27 அங்குல 1440பிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது; 4கே 120ம் உண்டு. மாலையில் கன்சோல், இரவில் கணினி என்று ஒரே திரையில் ஆடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பகல் முழுக்க அலுவலக வேலையும் அதிலேயே என்றால் சொல்லமாட்டேன்: அசையாத டாஸ்க்பார் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதன் தடம் பேனலில் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். கணினி விழித்தாலும் டிவி தானாக விழிக்காது, ரிமோட்டைத் தேட வேண்டும். ஸ்டாண்டில் உயரத்தை ஏற்றி இறக்கவும் முடியாது. மேசையின் ஆழம் 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டி, மேசையைச் சற்று முன்னால் இழுத்துப் போடுங்கள். ஒரு மீட்டர் தூரம் கிடைத்துவிட்டால் கழுத்து வலிக்காது.