அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாறிய டிஸ்ப்ளே

மார்கழிக் கோலத்தைப் படம் எடுக்கக் குனிந்தபோது கை நழுவி, நங்கநல்லூர் வீட்டு வாசற்படியில் ஃபோன் குப்புற விழுந்தது. ஐஃபோன் 13. படம் தெரிந்தது, டச்சும் வேலை செய்தது. ஆனால் விரல் வைத்த இடமெல்லாம் கண்ணாடித் தூள் குத்தியது. லண்டன் திரும்ப இன்னும் மூன்று வாரம். வங்கி, டிக்கெட், ஆபீஸ் லாகின் எல்லாமே அதற்குள் இருந்ததால் கடையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. வீட்டுக்கே வந்து மாற்றுகிறவர்களைத் தேடினேன்.

முதலில் ஆன்லைனில் பதிவு செய்த இடத்தில் என் வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி வரவில்லை. தம்பி நம்பரைக் கொடுத்தேன். "ஒரிஜினல்தான் மேடம்" என்றார்கள். வந்தவரிடம், ஒட்டுவதற்கு முன் இணைத்துக் காட்டுங்கள் என்றேன். கருப்புப் படத்தைத் திறந்தால் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. அது எல்சிடி. இந்த மாடலில் வருவது ஓஎல்இடி. அதில் கருப்பு என்றால் அந்தப் புள்ளியே அணைந்திருக்கும். எல்சிடியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கருப்பு வெளிறிவிடும். குறைந்த விலைச் சரக்கை விற்கட்டும், ஒரிஜினல் என்று ஏன் சொல்ல வேண்டும்? பழையதையே மாட்டித் தரச் சொல்லி, வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் தம்பிக்குத் தெரிந்த கடைப் பையன் வந்தார். சாமான் வாங்குவதெல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில். ஃபோனிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, படம் தெரியுதா, டச் ஓடுதா?" என்பதுதான். இரண்டும் சரியாக இருந்தால் கிளாஸ் மட்டும் மாற்றலாம், ஆனால் அதற்கு மெஷின் வேண்டும், கடைக்குத்தான் கொண்டுவர வேண்டும். வீட்டில் என்றால் காம்போ, அதாவது கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த முழு செட். எல்சிடி காப்பி 3,500, ஓஎல்இடி 8,500. என் பழைய பேனல் உயிரோடு இருப்பதால் அதைக் கொடுத்தால் 1,500 குறைப்பேன் என்றார். எனக்கு அந்த ஒரு ஃபோன் பேச்சே போதுமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஃபேனை நிறுத்தச் சொன்னார். சார்ஜ் போடும் இடத்தின் இருபுறமும் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து, புத்தகம் போலத் திறந்தார். காந்த விரிப்பில் ஃபோனின் உருவம் வரைந்திருந்தது. கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. "நீளம் மாறிப் போச்சுன்னா போர்டே போயிடும்க்கா."

பழைய டிஸ்ப்ளேயின் விவரத்தை ஒரு சின்னக் கருவியில் வாங்கிப் புதியதில் ஏற்றினார். இல்லாவிட்டால் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி போய்விடுமாம். "செட்டிங்ஸ்ல வேற டிஸ்ப்ளேன்னு ஒரு மெசேஜ் வரும், அதை என்னால எடுக்க முடியாது. இனிமே தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க" என்பதையும் முன்னாலேயே சொன்னார்.

ஒட்டுவதற்கு முன் என்னைச் சோதிக்கச் சொன்னார். ஒரு ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க இழுத்தேன், எங்கும் விடுபடவில்லை. கீபோர்டில் எல்லா எழுத்தும் தட்டினேன். தம்பிக்குக் கால் போட்டுக் காதில் வைத்தபோது திரை சரியாக அணைந்தது. பாஸ்கோடு போடும்போதெல்லாம் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, காபி ஆறுது" என்று அம்மா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் டம்ளரை எடுத்தார். பில்லில் அவர் கைப்பட எழுதியிருந்தது: 'ஓஎல்இடி, கம்பெனி டிஸ்ப்ளே அல்ல, 3 மாத வாரண்டி.'