வறண்ட தோலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியா, செராமைடு கிரீமா?

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பில் எடைக்கணக்கில் ஏறத்தாழ பாதி செராமைடு. மீதியில் பெரும்பங்கு கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும். உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது இந்தக் கலவைதான். செராமைடு கிரீம் அதில் விழுந்த குறையை ஈடுகட்டப் பார்க்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்த கிரீமாக இருந்தால் இன்னும் நல்லது. பிசுக்கு குறைவு, விலைதான் கூடுதல்.

ஜெல்லி தோலுக்குரிய கொழுப்பு எதையும் தருவதில்லை. மேலே படலமாக நின்று நீர் ஆவியாவதைத் தடுக்கும். அந்த வேலையில் அதை மிஞ்சுவது கடினம்.

சரி, சிக்கல் மரபணுவிலேயே இருந்தால்? தோலின் அரணுக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கு எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் தெரியவந்தது. அதை இரண்டுமே திருத்தாது. என் தேர்வு: இரவில் ஜெல்லி, பகலில் கிரீம்.