ஆபீஸ் ரிலேவுக்கு போஸ்ட்ஃபிக்ஸ்: தாராளமாக வைக்கலாம், லாக் படிக்கப் பொறுமை இருந்தால்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டர்கள், எடைமேடை, ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் ஒரே லேனில், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில். அந்த மெஷினுக்கு இன்றைய டிஎல்எஸ் (மெயிலை மறையாக்கி அனுப்பும் முறை) தெரியாது, மெயில் கம்பெனிகளோ பழசை ஏற்பதில்லை. அதனால் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் ஏற்றி, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை நடுவில் ரிலேவாக, அதாவது மெயிலை வாங்கி அடுத்த சர்வருக்குக் கைமாற்றும் ஆளாக, உட்கார வைத்தோம். வியட்சே வெனேமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளிவந்த இலவச மென்பொருள், காசு விஷயத்தில் பேச எதுவும் இல்லை.

எனக்கு இதில் பிடித்ததே, மெயிலை மறுத்தால் காரணத்தை மெயில் லாகில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) ஒரே வரியில் எழுதிவிடும் என்பதுதான். அந்த வரியைப் பார்க்காமல் அந்த ஜெராக்ஸ் பிரிண்டரின் மெனுவைக் குடைகிறவர்கள்தான் அதிகம். பிரிண்டர் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று சொல்லி, லாகில் எதுவுமே இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் லேன் பக்கம் காதே கொடுக்கவில்லை என்று பொருள். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் இனெட் இன்டர்ஃபேசஸ் வரி 'லூப்பேக் ஒன்லி' (தன் கம்ப்யூட்டருக்கு மட்டும்) என்று இருக்கும், அதை 'ஆல்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அப்புறம் ஃபயர்வாலைப் பாருங்கள். லாகில் 454 அல்லது 554, 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்று வந்தால் கதை வேறு: பிரிண்டரின் ஐபி மைநெட்வொர்க்ஸ் என்ற அனுமதிப் பட்டியலில் இல்லை. டெபியனில் நிறுவும்போது அந்தப் பட்டியலில் 127.0.0.0/8 மாதிரி தன் சொந்த முகவரி மட்டும்தான் இருக்கும், அதனால் ரிலே கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து டெஸ்ட் மெயில் அனுப்பினால் ஜம்மென்று போகும், உடனே "சர்வர் நல்லா இருக்கு, பிரிண்டர்தான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். டெஸ்ட்டை லேனில் உள்ள வேறு கம்ப்யூட்டரிலிருந்து செய்யுங்கள்.

பட்டியலில் 192.168.1.0/24 மாதிரி உங்கள் லேனை மட்டும் சேர்த்தால் போதும். அவசரத்துக்கு 0.0.0.0/0 (உலகத்தில் உள்ள எல்லா முகவரியும்) போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஊரில் உள்ள ஸ்பேம் எல்லாம் உங்கள் வழியாகப் போகும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: ரவுட்டரில் மெயில் வரும் 25ஆம் போர்ட்டை உள்ளே திருப்பிவிட்டு, அந்த ரவுட்டர் வெளியாள் ஐபியைத் தன் ஐபியாக மாற்றி அனுப்பினால், போஸ்ட்ஃபிக்ஸுக்கு எல்லாரும் வீட்டு ஆட்களாகத்தான் தெரிவார்கள். வெறும் ரிலேவுக்கு அந்தத் திருப்பலே வேண்டாம்.

வெளியே அனுப்பும் பக்கம்தான் எரிச்சல். சாதாரண பிராட்பேண்டில் நேராக 25இல் அனுப்பினால் பெரும்பாலும் தடை, இல்லாவிட்டால் ஸ்பேம் பெட்டி. ஆகவே ரிலேஹோஸ்ட் வரியில் உங்கள் மெயில் கம்பெனியின் சர்வரை 587 போர்ட்டோடு எழுதி, பாஸ்வேர்ட் ஃபைலை போஸ்ட்மேப் கட்டளையால் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் 'நோ மெக்கானிசம் அவைலபிள்' என்று லாக் அழுதால் டெபியனில் பாஸ்வேர்ட் சரிபார்ப்புக்கான லிப்சாசல்2 மாட்யூல்ஸ் என்ற பேக்கேஜ் ஏறவில்லை. இதை நிறுவும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைடெஸ்டினேஷன் வரியில் (வெளியே அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொள்ளும் டொமைன்கள்) ஆபீஸ் டொமைன் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துபாய் பார்ட்டிக்கு மெயில் போகும், பக்கத்து மேஜை அக்கவுண்டன்டுக்குப் போகாது.

பெங்களூரா மாம்பழ சீசனில் ரோட்டைத் தோண்டி லைன் அறுந்தாலும் மெயில் தொலைவதில்லை, க்யூவில் வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஆனால் தானாக வரும் அமைப்பில் 5 நாள் வரை முயன்றுவிட்டுத்தான் திருப்பி அனுப்பும், அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. இது எனக்குப் பிடிக்கவே இல்லை. தாமதத்தை எச்சரிக்கும் டிலே வார்னிங் டைமை 4 மணி நேரமாக மாற்றினேன். லைனே இல்லாதபோது அந்த எச்சரிக்கையும் சேர்ந்து க்யூவில் படுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம், அப்போது மெயில்க்யூ என்ற கட்டளையில்தான் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினின் ஃப்ரம் முகவரியில் யாரும் திறக்காத பெட்டியைக் கொடுக்காமல், கம்ப்யூட்டர் பார்ப்பவரின் முகவரியைப் போட்டுவிடுங்கள், எச்சரிக்கை அங்கேதான் வரும்.