உறைபனியா, மூடுபனியா? சென்சாரோடு மூன்று குளிர்காலம்

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா பள்ளத்தில் எங்கள் கிழங்குத் தோட்டம். ஜனவரியில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி போதும், இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருகிவிடும். அதற்காகத்தான் இந்தச் சென்சார்களை வைத்தேன்.

ஒரு இஎஸ்பி32 போர்டு (சென்சார்களைப் படிக்கும் குட்டிக் கணினி), தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பமானி இரண்டு, ஈரப்பதத்துக்கு ஒரு சென்சார், அவ்வளவுதான். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வெப்பமானிகளை முக்கிப் பார்த்ததில், 0 டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று 0.4 காட்டியது. அதைப் புரோகிராமில் கழித்துக்கொண்டேன். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். உறைபனி விஷயத்தில் அரை டிகிரி பெரிய வித்தியாசம்.

முதல் வருடம் வெப்பமானியை ஐந்தடிக் கம்பத்தில் கட்டியது தப்பு. ஒரு விடியற்காலை அது 3 டிகிரி காட்டுகிறது. கீழே புல் வெள்ளை வெளேரென்று, மிதித்தால் நொறுங்குகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரைதான் முதலில் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். இப்போது ஒரு வெப்பமானி இலை மட்டத்தில் இருக்கிறது.

ஆனால் அதிகம் உதவியது பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. மாலை ஆறு மணிக்கு 12 டிகிரி, ஈரப்பதம் 76 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 8. அன்று பெரும்பாலும் மூடுபனிதான். அது போர்வை மாதிரி படர்ந்து, மேற்கொண்டு குளிர விடாது. அதே 12 டிகிரியில் ஈரப்பதம் 47 என்றால் பனிப்புள்ளி 1. வானமும் தெளிவாக இருந்தால் உறைபனிக்குத் தயாராகிவிடுவேன்.

முதலில் வாங்கிய மலிவான ஈரப்பத சென்சார் பனியில் நனைந்து, வெயில் வந்தபிறகும் 99-லேயே நின்றுவிட்டது. அப்புறம் எஸ்எச்டி31 என்ற ஈரப்பத சென்சாரைப் போட்டேன். ஈரத்தை விரட்ட உள்ளேயே சின்ன ஹீட்டர் உண்டு. இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை.

குறையும் இருக்கிறது. பள்ளத்திலேயே உருவாகும் மூடுபனியைச் சொல்லிவிடும். சரிவில் ஏறி வரும் மேகத்தைச் சொல்லாது. நடுராத்திரி மேகம் மூடினால் உறைபனிக் கணிப்பும் பொய்த்துப்போகும். அப்படிச் சில இரவுகள் வீணாக விழித்திருக்கிறேன், பரவாயில்லை.

இலை மட்டத்தில் 2 டிகிரி வந்ததும் போனில் அலாரம் அடிக்கும். உடனே ஸ்பிரிங்ளரைப் போடுவோம். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடுதான் இலையைக் காக்கிறது. வெயில் ஏறி ஐஸ் முழுக்க உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, இலை இன்னும் குளிர்ந்துவிடும்.