சாண எரிவாயுவா, சிலிண்டரா?

நாலைந்து மாடு கட்டியிருக்கும் வீட்டுக்குச் சாண எரிவாயுதான் நல்லது என்பேன். தினமும் 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத கலனில் ஊற்றினால் சுமார் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும்; நாலைந்து பேருக்குச் சமைக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் தரும் வெப்பத்தை இது ஏறக்குறைய 16 நாளில் தந்துவிடும். அப்புறம், கலனிலிருந்து வழியும் கரைசல் வயலுக்கு அருமையான உரம். சிலிண்டரில் அப்படி எதுவும் மிஞ்சாது. அதுவும் இந்தியா தன் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. சாணமோ நம் கொட்டிலிலேயே கிடக்கிறது.

சிலிண்டரின் பலம் வசதி. திருகினால் எரியும், மாடி வீட்டிலும் வைக்கலாம். சாணம் கரைத்து ஊற்றத் தினமும் ஆள் வேண்டும், குளிர்காலத்தில் வாயு குறையும். மாடு இல்லாத வீட்டுக்குச் சரி, சிலிண்டர்தான்.