ஆயிரம் யார் கனவுக்கு எந்த வழி: எயார் ரைபிளா, பொயின்ட் 22ஆ, நேரே பெரிய துவக்கா?

அக்காவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. கனடாவில் இருக்கிற அவனுடைய சித்தப்பா தொலைதூரச் சூட்டுப் போட்டிகளுக்குப் போகிறவர். அவர் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், "மாமா, எனக்கு ஆயிரம் யார் சுடப் பழக வேணும், பத்து மீற்றர் எல்லாம் சின்னப் பிள்ளைகளின்ர விளையாட்டு" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆயிரம் யார் என்றால் 914 மீற்றர். காலி வீதியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு. இதற்குப் பிடிக்கிற பெரிய துவக்கின் 7.62 மில்லிமீற்றர் ரவை அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி எடுக்கும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால், அந்த ஒன்றரை விநாடிக்குள் ரவை பக்கவாட்டில் இரண்டு மீற்றர் தள்ளிப் போய்விடும். ஸ்கோப் இல்லாமல், ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால் பார்த்து, அந்தக் காற்றையும் கணித்துச் சுடுகிறார்கள். இங்கிலாந்தில் 1860இல் விம்பிள்டனில் தொடங்கி 1890இல் பிஸ்லிக்கு இடம் மாறிய மகாராணி பரிசுப் போட்டி (இப்போது மன்னர் பரிசு) இந்த வகைதான், கடைசிக் கட்டம் 900, 1000 யார்களில் நடக்கும். அழகான விளையாட்டு, எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் கொழும்பில் ஒரு புது ஆள் அங்கிருந்து தொடங்கலாமா? என் பதில், வேண்டாம். தடை போடுகிற முதல் காரணம் சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துவக்கு வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவும் வேண்டும். இரண்டாவது, இடம். அவ்வளவு நீளமான சுடுதளம் படையினரிடம்தான் இருக்கும், நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வருடத்தில் நாலைந்து நாள் சுட்டு யாரும் இதைப் பழகியதில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிது. பெரிய துவக்கு உதைக்கும், காதைப் பிளக்கும். புதிதாகப் பிடிக்கிறவருடைய உடம்பு ஐந்தாறு சூட்டுக்குள்ளேயே அந்த உதையை எதிர்பார்க்கப் பழகிவிடும். விசையை அழுத்துகிற கணத்தில் கண் மூடும், தோள் முன்னுக்குப் போகும், அது தனக்கே தெரியாது. ஒருமுறை ஒட்டிக்கொண்ட அந்தப் பயத்தைக் கழற்ற மாதக்கணக்கில் மினக்கெட வேண்டும்.

காற்றழுத்தத்தால் சுடுகிற எயார் ரைபிளில் உதை இல்லையென்றே சொல்லலாம். 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம், உடுக்கை மாதிரி இடை சிறுத்திருக்கும், எடை அரைக் கிராம்தான். அதை விரலால் எடுத்து வைத்து, மூடி, எழுந்து நின்று, 10 மீற்றருக்கு அப்பால் இருக்கிற அட்டையில் சுட வேண்டும். அட்டையின் நடுவில் இருக்கிற, முழுதாகப் பத்து மதிப்பெண் தருகிற இடம் வெறும் அரை மில்லிமீற்றர் புள்ளி, பேனா முனையால் தொட்டு வைத்த அளவு. சன்னம் புறப்படும் வேகம் விநாடிக்கு 170 மீற்றர் அளவில், பெரிய துவக்கில் ஐந்தில் ஒரு பங்கு. விசையை இழுத்த பிறகும் அது குழலுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்த அசைவு அட்டையில் அப்படியே பதியும். சூடு போன பிறகும் ஒரு விநாடி அசையாமல் குறியையே பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தை இதைப் போலக் கண்டிப்பாகக் கற்றுத் தருகிற வேறு துவக்கு இல்லை.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்றவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் விலகினால், அதே கோணப் பிழை 1000 யாரில் ஒன்பது சென்ரிமீற்றர். உன் கை எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பத்து மீற்றர் அட்டை ஒளிக்காமல் சொல்லும், அங்கே காற்றின்மேல் பழி போடவும் முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டுக்காகத் தெஹானி எகொடவெல சுட்டதும் இந்த 10 மீற்றர் எயார் ரைபிள்தான்.

கொழும்பில் இருப்பவருக்கு இதில் இன்னொரு வசதி, பழகும் வாய்ப்பு. இங்கே பல பாடசாலைகளில் எயார் ரைபிள் அணி இருக்கிறது. பாடசாலையை விட்டவர்கள் தேசியச் சூட்டுச் சம்மேளனத்தோடு இணைந்த கிளப் ஒன்றில் சேர்ந்து, கிளப் துவக்கிலேயே பழகலாம். முதல் ஒரு வருடம் சொந்தமாக வாங்கவே வேண்டாம். வோல்தர், ஃபைன்வேர்க்பாவ் போன்ற போட்டித் துவக்குகள் புதிதாக இரண்டாயிரம் யூரோவைத் தாண்டும், இறக்குமதிக் கடதாசி வேலை வேறு. அதற்காக வில் சுருள் வைத்த மலிவுத் துவக்கில் பழகலாம் என்று போகவும் வேண்டாம். அது முன்னும் பின்னும் குலுக்கும், பிழை உன்னுடையதா துவக்குடையதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாங்குவதென்றால் முதலில் கோட்டு. தடித்த கன்வஸும் தோலும் சேர்த்துத் தைத்தது, முதுகுக்கு முட்டுக் கொடுப்பது அதுதான். எங்கள் வெக்கையில் அரை மணித்தியாலத்தில் உள்ளே நனைந்துவிடும். அப்படியே பைக்குள் சுருட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், என்னுடைய முதல் கோட்டு அப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்ததும் காற்றாடிக்குக் கீழே விரித்துப் போடுங்கள், வெயிலில் வேண்டாம். இன்னொன்று, சன்னம் முழுக்க ஈயம், சுட்டு முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடையையோ ரோல்ஸையோ தொட வேண்டும்.

சரி, எயார் ரைபிளில் என்ன குறை? இரண்டு இருக்கின்றன. ஒன்று, நின்றுதான் சுடுகிறோம், தொலைதூரமோ படுத்துச் சுடுவது. மற்றது, கூரைக்குள் காற்றைப் படிக்கப் பழக முடியாது. அந்த இரண்டையும் தருவது பொயின்ட் 22, அதாவது 0.22 அங்குல ரவை போடும் சின்னத் துவக்கு, 50 மீற்றர் தூரத்தில்.

இதை நான் பாலம் என்றே சொல்வேன், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். படுத்து, இடக்கையில் பட்டியை மாட்டி, முழங்கையை ஊன்றினால் துவக்கின் பாரம் முழுவதும் பட்டியில் தொங்கும், கை சும்மா இருக்கும். அப்போது பார்வை வளையத்துக்குள் குறி மெல்ல மெல்லத் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். அது உங்கள் நாடித் துடிப்பு. பட்டியை இரண்டு விரல் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் துள்ளல் அடங்கும். நான் முதல் நாள் அதைக் கண்டபோது, என் நெஞ்சு அடிப்பதை 50 மீற்றர் தூரத்தில் நானே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

இங்கே பத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். மேலே சொன்ன அதே 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று இங்கே ரவையை ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் தள்ளும், நடுவில் விழ வேண்டியது எட்டில் போய் விழும். ஆகவே கொடியைப் பார்த்து, காற்று அடங்கும்வரை காத்திருக்கவோ குறியைத் திருத்தவோ பழகுவீர்கள். கொழும்பில் பிற்பகல் கடற்காற்று விட்டு விட்டு அடிப்பதால் பாடம் தாராளமாகக் கிடைக்கும். ரியோ 2016க்குப் பிறகு படுத்துச் சுடும் தனிப் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் இன்னும் மனவருத்தம். முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடுகிற மூன்று நிலைப் போட்டி மட்டும் இருக்கிறது, 2012 லண்டனில் மங்கள சமரகோன் இலங்கைக்காகச் சுட்டது அதில்தான். பொயின்ட் 22 உண்மையான சுடுகலன் என்பதால் சட்டம் இங்கேயும் இறுக்கம், ரவைச் செலவும் சன்னத்தைவிடப் பலமடங்கு. கிளப்பில் ஓரளவு காலம் நின்று பெயர் எடுத்த பிறகுதான் கைக்கு வரும்.

சித்தப்பா சுடுகிற எஃப் கிளாஸைப் பற்றியும் கேட்டான். முட்டுக் கொடுத்து, ஸ்கோப் வைத்துச் சுடுவது, கனடாக்காரர் ஜோர்ஜ் ஃபார்குவார்சனுடைய பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த எஃப். கண்பார்வை தளர்ந்தவர்களுக்கு அருமையான வகை. கண் நல்லாயிருக்கிற பத்தொன்பது வயதுக்காரனுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிற வீடுகள் எங்களுடையவை, அதற்குக் காரணமும் இருக்கிறது. எயார் ரைபிளில் தொடங்கினால் துவக்கு கிளப்பிலேயே பூட்டியிருக்கும், பிள்ளையின் கையில் வீட்டுக்கு வருவது ஓட்டை விழுந்த அட்டை மட்டும். அக்கா கடைசியில் தலையசைத்தது அதைக் கேட்ட பிறகுதான்.

போகமுன் அவனுடைய ஆட்சிக் கண், அதாவது குறி பார்க்கையில் முந்திக்கொள்கிற கண், எது என்று பார்த்தோம். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணுக்கு மணிக்கூடு இடத்தை விட்டு நகரவில்லையோ அதுதான். அவன் வலக்கைக்காரன், ஆனால் ஆட்சி இடக்கண். இதை முதல் நாளே பயிற்றுநரிடம் சொல்லச் சொன்னேன். 60 சூட்டில் 600க்கு 560ஐ மூன்று முறை தாண்டட்டும், அப்புறம் பொயின்ட் 22க்கு நானே அவனுக்காகக் கிளப்பில் கதைக்கிறேன்.